அடுத்தவர் வினை

என் பாட்டிக்கு எட்டு வினைகளின் பெயரும் மனப்பாடம். ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், வேதனீயம், மோகனீயம், ஆயு, நாமம், கோத்திரம், அந்தராயம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்துவிடுவாள். விளக்கு வைத்தபிறகு எங்கள் ஜைன வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. பிறந்த ஊர் பெரமண்டூர், வாழ்க்கைப்பட்ட ஊர் ஒலக்கூர். மேல்சித்தாமூர் தேருக்குப் போனதைத் தவிர அவள் பெரிதாக வெளியூர் பார்த்ததில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால் எந்த வினை உயிரை எப்படிப் பற்றும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். உடம்பைக் கட்டுவது நாம வினை. நிறம், உயரம், எலும்பின் உறுதி, குரல் எல்லாம் அதன் வேலை. அதற்கு மட்டும் 93 உட்பிரிவுகள் உண்டு.

பின்னாளில் நான் விலங்கியல் ஆசிரியனாகிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியல் நடத்த ஆரம்பித்தேன். சமணப் பெரியவர்கள் கூடும் இடங்களில் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாடம் எடுக்குற டிஎன்ஏதான் நம்ம ஆகமத்துல இருக்குற நாம கர்மா, தெரியுமில்ல?" என்பார். அவர் அப்படி நினைப்பதற்கு முகாந்திரம் இருக்கிறது. மற்ற சமயங்களில் வினை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு, அல்லது கடவுள் வைத்திருக்கும் ஏடு. சமணத்தில் அது பொருள். புத்கலம் என்னும் நுண்துகள் உயிரோடு ஒட்டிக்கொள்கிறது, பழுக்கிறது, உதிர்கிறது. உடம்பின் வடிவத்தை நுண்பொருள் ஒன்று தீர்மானிக்கிறது என்று சொன்னால், இந்தக் காலத்து ஆளுக்கு மரபணு ஞாபகம் வருவது இயல்புதான்.

இருந்தும் அந்தப் பெரியவருக்கு நான் தலையாட்டியதில்லை. பொருத்தம் அழகாக இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. அதோடு, அந்தப் பொருத்தத்தை நம்புகிறவர்கள் அதை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் போய் என்ன பேசுகிறார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண், என்னிடம் படித்தவள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தை தாம்பாளம் கீழே விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசோதனையில் இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். பார்க்க வந்த உறவுக்காரக் கிழவி ஒருத்தி, "போன ஜென்மத்துல யாரோ கூப்பிட்டுக் கதறி இருக்காங்க, காதுல வாங்காம போயிருக்கு இந்த உசுரு" என்றாளாம். காது என்றால் காதுக்கு ஒரு பாவம், கண் என்றால் கண்ணுக்கு ஒரு பாவம். அந்தக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு நாள் அந்தப் பெண் மருத்துவமனைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "சார், பாடம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது நான் செஞ்சதா, என் புள்ள செஞ்சதா?"

காகிதத்தில் இருந்ததை அவளுக்குச் சொன்னபடியே இங்கேயும் சொல்கிறேன். 13ஆம் குரோமோசோமில் ஜிஜேபி2 என்று ஒரு மரபணு இருக்கிறது. பிறவிச் செவிட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது 1997இல் தெரியவந்தது. அந்த மரபணுவின்படி உருவாகும் புரதத்தின் பெயர் கனெக்சின் 26. 226 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னப் புரதம். ஆறு கனெக்சின்கள் செல்லின் சவ்வில் வட்டமாகக் கூடி, உறைக்கிணற்று உறை மாதிரி ஒரு வளையமாக நிற்கும். பக்கத்துச் செல்லின் வளையம் இதன்மேல் வந்து பொருந்தினால் இரண்டு செல்களுக்கும் நடுவே ஒரு பாதை திறக்கும். உட்காதின் நத்தைச்சுருளில் ஒலி அதிரும்போது பொட்டாசியம் அயனிகள் மயிர்ச்செல்களுக்குள் பாய்கின்றன. அதுவே நரம்புக்குச் செய்தியாகிறது. உள்ளே போன பொட்டாசியம் வெளியேறிப் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த ஒலியைக் கேட்க முடியும். அது திரும்பும் வழியில் கனெக்சின் 26 இருக்கிறது.

குழந்தையிடம் இருந்த மாற்றத்துக்கு டபிள்யூ24எக்ஸ் என்று பெயர். ஜிஜேபி2இல் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் மாற்றம் இதுதான். மரபணுவின் 71ஆவது எழுத்து ஜி ஆக இருக்க வேண்டும், ஏ ஆக இருக்கிறது. டிஜிஜி என்ற மூன்றெழுத்து டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அது டிஏஜி ஆனதும் "இத்தோடு நிறுத்து" என்ற கட்டளையாகிவிட்டது. புரதம் கோக்கும் ரிபோசோம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது: 23 அமினோ அமிலம் கோத்தது, நிறுத்திவிட்டது. 226இல் 23 மட்டும் இருந்தால் வளையம் கூடாது, வழி திறக்காது.

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒரு பிரதி சரியாக இருந்தாலே காது கேட்கும். அந்தப் பெண்ணிடமும் அவள் கணவனிடமும் ஆளுக்கு ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. ஆகையால் அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த நான்கில் ஒன்று இந்தக் குழந்தைக்கு வந்தது.

சரி, 71ஆவது எழுத்தை முதன்முதலில் மாற்றியது யார்? யாரும் இல்லை. செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏ படியெடுக்கப்படுகிறது. மனிதனிடம் ஒரு தொகுதிக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள். படியெடுக்கும் நொதிக்குப் பின்னாலேயே பிழை திருத்தும் நொதிகளும் வருகின்றன. அத்தனையும் தாண்டி ஒன்றிரண்டு தப்பிவிடும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறத்தாழ அறுபது, எழுபது இருக்கின்றன. தகப்பனின் வயது கூடக் கூட இந்த எண்ணிக்கையும் கூடுகிறது, வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு வீதம் என்று 2012இல் ஐஸ்லாந்து ஆய்வு சொன்னது. முனிவர் பிள்ளைக்கும் உண்டு, திருடன் பிள்ளைக்கும் உண்டு. இதை நான் எழுதுகிற கையிலும் உண்டு, நீங்கள் படிக்கிற கண்ணிலும் உண்டு. பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை. எப்போதாவது ஒன்று, முக்கியமான புரதத்தின் முக்கியமான இடத்தில் விழுந்துவிடுகிறது. டபிள்யூ24எக்ஸ் நம் நாட்டில் பலரிடம் ஒரே பழைய மூதாதை வழியாக வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மூதாதைக்கும் காது கேட்டிருக்கும்.

மாற்றம் யாருடைய தேவையையும் பார்த்து வருவதில்லை, யாருடைய தகுதியையும் பார்த்து வருவதில்லை. 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்பிரூக்கும் பாக்டீரியாக்களை வைத்து இதைக் காட்டினார்கள். வைரஸுக்குத் தாக்குப்பிடிக்கும் மாற்றம், வைரஸைச் சந்தித்ததனால் உண்டாவதில்லை. சந்திப்பதற்கு முன்பே சில செல்களில் தற்செயலாக வந்திருக்கிறது. ஆபத்து வருகிறது என்று பாக்டீரியாவுக்கு அருளப்பட்ட வரமும் இல்லை, ஆபத்தில் செத்தவற்றுக்கு விதிக்கப்பட்ட தண்டனையும் இல்லை. 1969இல் அவர்களுக்கு ஆல்பிரட் ஹெர்ஷியோடு சேர்த்து நோபல் பரிசு தந்தார்கள்.

மாற்றத்துக்கு நல்லது கெட்டது கிடையாது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு மல்லாட்டையை வைத்துத்தான் சொல்ல முடியும். வேர்க்கடலை, நிலக்கடலை என்று ஊர் ஊருக்குப் பெயர். எங்கள் பக்கம் மல்லாட்டை. பூ மேலே பூக்கும், மகரந்தம் சேர்ந்ததும் விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் காய் பிடிக்கும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிஎம்வி 2, டிஎம்வி 7 என்று நாம் வாங்கி விதைத்த ரகங்களின் டிஎம்வி, திண்டிவனம்தான். கடலை எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். லினோலிக் அமிலம் சுலபமாகக் கெட்டுப்போவது அதற்கு ஒரு காரணம். கடலையில் ஒரு நொதி, ஒலியிக் அமிலத்தைப் பிடித்து லினோலிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இன்றைய கடலை இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டானது என்பதால், அந்த நொதிக்கான மரபணுவும் இரண்டு, தாய்ச்செடி வழி ஒன்று, தகப்பன்செடி வழி ஒன்று. 1987இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு விசித்திரக் கடலையைப் பற்றிய செய்தி வந்தது. அதன் எண்ணெயில் 80 விழுக்காடு ஒலியிக் அமிலம். காரணம் பிற்பாடு தெரிந்தது. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறி, நொதியின் 150ஆவது அமினோ அமிலம் வேறாகிவிட்டது. இன்னொன்றில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்து, வாசிப்பே இடம்பெயர்ந்து, பாதியில் "நிறுத்து" வந்துவிட்டது. இரண்டு மரபணுவும் பழுதானதால் எண்ணெய் நெடுநாள் கெடாது, மிட்டாய்க் கம்பெனிக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். அந்த வகைப் பழுதை இந்திய ரகங்களுக்குள் கொண்டுவந்துதான் கிர்நார் 4, கிர்நார் 5 உருவாயின.

குழந்தையின் காதிலும் கடலையின் எண்ணெயிலும் நடந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஓர் எழுத்து. இரண்டு இடத்திலும் பாதியில் நின்ற புரதம். இரண்டு பிரதியும் பழுதானால்தான் விளைவு. ஒன்றைப் பாவம் என்கிறோம், மற்றதைத் தரம் என்று கூடுதல் விலை போடுகிறோம். எழுத்துக்கு இரண்டும் தெரியாது. நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் அணுச் சோகையில் இது இன்னும் கூர்மை. அந்த மாற்றம் ஒரு பிரதியாக இருந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது, இரண்டு பிரதியாக இருந்தால் வாழ்நாள் முழுக்க நோய். அண்ணனுக்குக் காப்பு, தம்பிக்கு நோய் என்று வந்தால் யார் எந்தப் புண்ணியம் செய்தார்கள், யார் எந்தப் பாவம் செய்தார்கள்?

இங்கே ஆகமம் படித்தவர் ஒருவர் குறுக்கிடுவார். "தற்செயல் என்று நீ சொல்வதன் வழியாகவே வினை வேலை செய்யலாமே? அந்த உயிர் தன் நாம வினைக்கு ஏற்ற கருவைத் தேடி வந்து புகுந்திருக்கலாமே?" இருக்கலாம். ஆய்வகத்தில் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. உண்மைக்குப் பல பக்கம் உண்டு என்று அநேகாந்தம் பேசுகிற சமயத்தில் பிறந்த நான் அதை இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எப்படி நடந்தது என்பதற்கு மரபியல் பதில் வைத்திருக்கிறது. என் பிள்ளைக்கு ஏன் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை, அதற்கு அப்படியொரு பாசாங்கும் இல்லை. அந்த இடத்தில் வினைக் கொள்கை வந்து உட்காரட்டும், எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆனால் அதை எந்த வாயால் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. சமணம் வைத்திருக்கும் தத்துவங்கள் ஒன்பதையும் எடுத்துப் பாருங்கள்: உயிர், உயிரல்லது, நல்வினை, தீவினை, ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு. வினை உள்ளே வருவது ஊற்று, அதை அடைப்பது செறிப்பு, வந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. அத்தனையும் ஓர் உயிர் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டிய வேலை. தீர்ப்புச் சொல்லும் நீதிபதி என்று ஒரு கடவுளைக்கூட இந்தச் சமயம் வைக்கவில்லை. கடவுளுக்கே கொடுக்காத நாற்காலியில் பக்கத்து வீட்டுக் கிழவி எப்படி ஏறி உட்கார்ந்தாள்? எனக்கு ஒரு துன்பம் வரும்போது, இது என் வினை, பொறுத்துக்கொள்கிறேன், இனி செய்யாமல் இருக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டால் அது தவம். அதையே உன்னைப் பார்த்துச் சொன்னால் இம்சை. கொல்லாமையை முதல் அறமாக வைத்து, எறும்பு மிதிபடுமே என்று கீழே பார்த்து நடக்கிற சமயத்தில், பெற்றவள் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்வதும் ஓர் ஊற்றுதான். அந்த வினை சொன்னவர் கணக்கில் சேரும்.

இன்னொரு கேள்வியும் அந்த வீட்டில் கேட்கப்பட்டது. ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை நம் நூல்கள் வகுத்திருக்கின்றனவே, காது இல்லாத குழந்தை நாலறிவா? சாஸ்திரம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு வரும் சந்தேகம். அந்தப் பகுப்பு பிறவி வகைக்கு உரியது. மேலும் தத்துவார்த்த சூத்திரம் பொறியை இரண்டாகப் பிரிக்கிறது: உடம்பில் இருக்கும் கருவி ஒன்று, உயிரின் அறியும் ஆற்றல் ஒன்று. கருவி பழுதானால் ஆற்றல் போய்விட்டது என்று ஆகாது. அந்த நூல் எந்த அர்த்தத்தில் சொன்னதோ, ஜிஜேபி2 குழந்தைகளின் விஷயத்தில் உடம்பளவிலும் அது ஒத்துப்போகிறது. அவர்களுக்குப் பழுது உட்காதின் திரவ ஓட்டத்தில். கேள்வி நரம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. அதனால்தான் அந்த நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவியைப் பொருத்தினால் இவர்களில் பலர் நல்ல முன்னேற்றம் காண்கிறார்கள்.

கிழவியைப் பற்றி எழுதிவிட்டு, அந்த வீட்டுக்கு வந்த படித்த இளைஞனை விட்டுவிட்டால் நியாயம் ஆகாது. அவன் சொன்னது: "சொந்தத்துல கட்டினா இப்படித்தான் பொறக்கும். இவங்களுக்கு அறிவு வேணாம்?" போன ஜென்மம் போய்விட்டது, விஞ்ஞானம் வந்துவிட்டது, குத்துகிற விரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அவன் சொன்னதில் பாதி சரி. தாய்மாமனிடம் ஒரு பழுதுப் பிரதி இருந்தால் அக்காள் மகளிடமும் அதே பிரதி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் உறவில் எட்டில் ஒன்று. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில்தான் நடக்கின்றன என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் மாமன் மகள் உறவில் கட்டியவர்களுக்குக் கூடும் ஆபத்து சுமார் 2 முதல் 3 விழுக்காடு. மிகப் பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் இப்படிப்பட்ட குழந்தைகள் பிறப்பதுண்டு. அந்த இளைஞனிடமும் ஏதாவது சில மரபணுக்களில் ஒற்றைப் பழுது இருக்கும்; எல்லோரிடமும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் சொன்னால் அது அறிவு, ஆலோசனை. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் அதுவும் கிழவி சொன்னதுதான்.

குறை என்ற பார்வையையே கேள்வி கேட்பவர்களும் உண்டு. காது கேளாதவர்கள் காது கேளாதவர்களையே மணந்துகொண்டு, சைகை மொழியில் குடும்பம் நடத்துகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு மரபணுவில் பழுது இருந்தால் பிள்ளைகளுக்குக் காது கேட்கும், ஒரே மரபணுவில் இருந்தால் கேட்காது. அந்தப் பெற்றோர் யாரும் தங்களைப் பாவிகள் என்று நினைத்துக்கொண்டு வாழவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. "நீயும் செய்யல, உன் புள்ளையும் செய்யல. இனிமே செய்ய வேண்டியது மட்டும்தான் உன்னோடது." வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடிக்கிறார். அதே வள்ளுவர் பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று தனி அதிகாரம் வைக்கிறார். விதி கூடி வராததை அங்கே அவர் யார்மேலும் பழியாக ஏற்றவில்லை. அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதைத்தான் பழி என்கிறார். ஊழை அவ்வளவு பெரிதாகப் பாடியவரே வைத்த தீர்ப்பு அது. மரபியலின் தீர்ப்பும் அதை ஒட்டியே வருகிறது. மரபணு நமக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதை எழுதாது. அவள் முயன்றாள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிறகு விடாமல் பேச்சுப் பயிற்சி. 71ஆவது எழுத்து இன்றைக்கும் ஏ ஆகத்தான் இருக்கிறது. குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, வாய் மூடுவதில்லை என்று அம்மாவே அலுத்துக்கொள்கிறாள்.

ஆகவே, படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் யாருடைய வினையையும் விசாரிக்காதீர்கள். காது பரிசோதித்தாயிற்றா என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது. உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. தமிழக அரசின் காப்பீட்டில் காக்ளியர் கருவி ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். நாள் கடந்தால் கருவி கிடைத்தாலும் பேச்சு முழுசாக வராது. எங்கள் பக்கத்து ஆட்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். சொந்தத்தில் பெண் எடுக்க நினைப்பவர்கள், குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை ஏற்கெனவே இருந்தால், தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போய் வாருங்கள்.